தண்ணீர் படக்கூடாத உடுப்பு

டெய்லரக்கா கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. கத்த முடியாது. காலையில் கடை திறந்ததிலிருந்து மாலையில் மூடும் வரை அவள் வாயில் நாலு குண்டூசி இருக்கும். அவற்றை உதட்டால் கவ்விக்கொண்டு, அடுத்தவர் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, தரையைத் தொடும் துணியை ஒரு விரல்கடை, அரை விரல்கடை என்று ஏற்றி இறக்குவதுதான் பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு. அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் "ம்" என்று மட்டும்தான் பதில் வரும். நல்லதற்கும் "ம்", பொல்லாததற்கும் "ம்". ஊசியை எடுத்துக் குத்திவிட்டு நிமிர்ந்து பதில் சொல்லலாம் என்றால், சொன்ன ஆள் அதற்குள் போயிருப்பார். சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாம் எங்கே போய்த் தங்குகின்றன என்று அவளை யாரும் கேட்டதில்லை.

கல்யாணமாகி இந்த அயல் நாட்டுக்கு வந்தபோது அவளுக்கு இங்கத்திய மொழியில் இரண்டே வார்த்தைதான் தெரியும்: "சரி", "நாளைக்கு". துணி தைக்கிறவளுக்கு அது போதும் என்று ஒரு சலவைக்கடைக்காரம்மா அவளைப் பின்னறையில் உட்கார வைத்தாள். ஒரு ஜன்னல், அதற்கு வெளியே குப்பைத் தொட்டிகள். இரண்டு தையல் மெஷின். சுவர் முழுக்க நூல்கண்டுகள். முன்பக்கத்து இஸ்திரி ஆவி கதவிடுக்கு வழியாக வந்து கண்ணாடியை மூடிக்கொள்ளும். கடைக்காரம்மா அவளைத் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். நம் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. வாயில் இருப்பது டெய்லரக்காதான்.

போன வருஷத்து நோன்புப் பெருநாள் வரைக்கும் அவளுக்கு யார் மேலும் பெரிய வன்மம் கிடையாது. அந்த ஒரு பெருநாளில்தான் வந்தது.

இங்கே பெருநாள் என்பது மூன்று மணி நேரம். சொந்தபந்தம் கிடையாது, போக வீடு கிடையாது, வர ஆள் கிடையாது. நம் ஆட்களின் சங்கம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தைக் காலையில் மூன்று மணி நேரத்துக்கு எடுக்கும். தரையில் பந்து விளையாடப் போட்ட கோடுகள் எதுவும் தொழும் திசையான கிப்லாவுக்கு ஒத்துவராது. அதனால் குறுக்கே டேப் ஒட்டி, அந்த டேப்தான் வரிசை. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். அந்தக் கூடத்துக்குள் இருக்கும் வரைதான் பெருநாள். வெளியே வந்து பஸ் ஏறினால், பஸ்ஸில் இருப்பவர்களுக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

அதனால் அந்த மூன்று மணி நேரத்துக்காக அவள் மூன்று மாதம் தைப்பாள், தன் ஒரே மகளுக்கு. மகள் அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். போன வருஷம் தைத்தது பச்சைப் பட்டு நீள அங்கி. அந்தப் பட்டு வந்த கதையை அவள் மகளிடம் சொல்லவில்லை. சங்கத் தலைவரின் மனைவி, எல்லோரும் தலைவரம்மா என்று அழைக்கும் மாமி, ஒரு நாள் கடைக்கு வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். "எம் மக போட்டதும்மா. சைஸ் பத்தல. வெட்டி எதுக்காச்சும் வச்சுக்கோ." பிரித்துப் பார்த்தால் அப்படி ஒரு பட்டு. டெய்லரக்கா அதன் தையலையெல்லாம் பிரித்து, சாயம் போகாத உள்பக்கத்தை வெளியே திருப்பி, கழுத்தை மாற்றி, கையை மாற்றி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதபடி புதிதாக்கினாள். ஓரத்து ஜரிகையை மட்டும் வெட்டி எறிய மனசு வரவில்லை. அந்த ஜரிகைதான் காட்டிக்கொடுத்தது.

தொழுகை முடிந்து எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்த நேரம். தலைவரம்மா வந்து, டெய்லரக்கா மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏ பொண்ணே, நில்லு பாக்கலாம். இது எம் மக போட்டுக் கழிச்சது தானே? உனக்கு நல்லாத்தான் பொருந்துது!"

சுற்றி முப்பது பெண்கள். மாமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம். மகள் நேராகப் போய்க் கோட்டை எடுத்துப் போட்டு, தாடை வரை பட்டனைப் பூட்டிக்கொண்டாள். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்த கூடத்தில் வியர்த்து வழிய, கடைசி வரை கழற்றவில்லை. பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அன்றைக்கு டெய்லரக்காவின் வாயில் குண்டூசி இல்லை. ஆனாலும் "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகள் வரவில்லை, பரீட்சை என்றாள். இந்த நோன்பில் முப்பதையும் பிடிக்கிறேன், ஆனால் அந்தக் கூடத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே என்று முதல் நோன்பிலேயே சொல்லிவிட்டாள். "தொழுகைய நான் வீட்லயே தொழுதுக்கறேன். நீயும் அத்தாவும் போயிட்டு வாங்க." பெருநாள் காலையில் மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அடுத்தவர் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்வதை டெய்லரக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன் மேல் தப்பு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த ஜரிகையை வெட்டி எறிந்திருக்கலாம். ஆனால் தன் மேல் இருக்கிற கோபத்தை என்ன செய்வது? அதையும் சேர்த்து மாமி கணக்கிலேயே எழுதினாள். அதே கூடத்தில், அதே முப்பது பேர் முன்னால், அந்தப் பொம்பளை கூனிக்குறுகி நிற்க வேண்டும். மகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நோன்பு பத்து கழிந்த ஒரு காலையில், கதவைத் தள்ளிக்கொண்டு தலைவரம்மாவே உள்ளே வந்து நின்றாள். கையில் திராட்சை நிறத்தில் மெல்லிய பட்டு.

"பெருநாளுக்கு ஒரு அங்கி தச்சுக் குடும்மா. எங்கெங்கயோ குடுத்துப் பாத்துட்டேன், உன் கை மாதிரி வரல."

டெய்லரக்கா அவள் முகத்தையே பார்த்தாள். போன வருஷத்து ஞாபகம் அந்த முகத்தில் ஒரு துளி கூட இல்லை. மறைக்கவில்லை, மறந்தே போயிருந்தாள். ஒரு வருஷமாக ஒரு வீட்டில் நெருப்பு எரிகிறது, பற்ற வைத்தவளுக்குத் தீப்பெட்டி ஞாபகமே இல்லை!

"தச்சுத் தரேன் மாமி" என்றாள்.

அளவு பார்க்கக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தபோது மாமி கையைத் தூக்கத் தயங்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணிதாம்மா காரணம்" என்றாள் மாமி, தாழ்ந்த குரலில். "ஒளு செஞ்சுட்டு வந்து நிப்பேன். முழங்கை நனைஞ்சுச்சா இல்லையான்னு ஒரு சந்தேகம். போய் மறுபடி கழுவுவேன். திரும்பி வந்தா மறுபடி சந்தேகம். கழுவின கையே கழுவாத மாதிரி இருக்கும்மா. உனக்கெல்லாம் அப்படி வராதா?"

டெய்லரக்காவின் வாயில் ஊசி. "ம்" என்றாள். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான் அது. வஸ்வாஸ் என்பார்கள், தொழப் போகிறவர் மனசில் ஷைத்தான் போடும் ஓயாத சந்தேகம். முதுகுக்குப் பின்னால் மாமிக்கு 'வஸ்வாஸ் மாமி' என்றே பெயர். கூடத்தில் பெண்கள் பக்கத்தில் கழுவுவதற்கு இரண்டு தொட்டிதான். அதில் ஒன்றை மாமி பிடித்துக்கொண்டால் விட மாட்டாள். தொழுகைக்கு முந்திய அந்தக் கழுவலை, ஒளுவை, வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்தாலும் அங்கே ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வெடித்த தோலைப் பார்த்து டெய்லரக்காவுக்கு மனசு இளகியது. தேங்காய் எண்ணெய் தடவுங்க மாமி என்று சொல்வதற்காக வாயிலிருந்து ஊசியை எடுக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"ஆமா, உம் பொண்ணு எங்க கண்ணுலயே படல?" என்றாள் மாமி. "போன வருஷம் அந்தப் பச்சையில எவ்வளவு அழகா இருந்தா. எம் மக கூட அதுல அவ்வளவு அழகா இல்ல, தெரியுமா!"

கை பாதியிலேயே நின்றது. ஊசி வாயிலேயே இருந்தது. எங்கே அடிக்க வேண்டும் என்பது அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமியே இடத்தைக் காட்டிவிட்டாளே!

கல்யாண உடுப்புகளின் மடிப்பைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க அந்தக் கடையில் ஒரு நூல் உண்டு. பார்க்க மற்ற நூல் மாதிரியேதான் இருக்கும். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் ஒற்றினால் போதும், தையல் இருந்த இடம் தெரியாது. ஆவி பட்டுக் கெட்டுவிடாமல் இருக்க அதை மட்டும் தகர டப்பாவில் மூடி வைத்திருப்பார்கள். டெய்லரக்கா ஒரு துண்டுத் துணியில் அதை வைத்து நாலு விரல் நீளம் தைத்து, டம்ளர் தண்ணீரில் போட்டாள். எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்க்க வேண்டுமே. கடிகாரம் கைக்கு எட்டாதபோது அவள் நேரம் கணக்கிடுவது குர்ஆனின் தொடக்கமான பாத்திஹாவை ஓதித்தான். சின்ன வயதிலிருந்து பழக்கம். வாய் தானாகவே ஓதத் தொடங்கியது. மூன்றாம் ஆயத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். எதற்கு எதை ஓதுகிறோம்! பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாற்பதில் துணி இரண்டாகப் பிரிந்தது.

நோன்பு மாதத்தில் மதிய இடைவேளை முழுவதும் மிச்சம். சாப்பிடப் போக வேண்டாம், டீ குடிக்கப் போக வேண்டாம். அந்த நேரத்தில்தான் தைத்தாள். வெறுப்பில் தைத்ததாலோ என்னவோ, அவ்வளவு நேர்த்தியாக அவள் எதையும் தைத்ததில்லை. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் நல்ல நூலில், கண்ணுக்குத் தெரியாத பொடித் தையலில். இரண்டு கைகளின் அடிப்பக்கம் மட்டும், முழங்கைக்கு ஒரு சாண் மேலிருந்து மணிக்கட்டு வரை, டப்பாவிலிருந்து எடுத்த நூல். கையை ஒட்டின மாதிரிக் குறுகலாக வைத்தாள். சுருட்டி ஏற்றினால் முழங்கைக்கு மேல் வளையமாக நிற்கும். கையைத் தூக்கிக் கழுவினால் வழிகிற தண்ணீரெல்லாம் அந்த வளையத்தில்தான் போய் இறங்கும். ஒரு தடவை கழுவினால் தாங்கலாம். மூன்று தடவை கழுவுகிறவளுக்குத் தாங்காது.

மாமி உடுப்பை வாங்க வந்த நாளில், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸக்காவும் ஒரு பேண்ட்டைச் சுருக்கக் கொடுக்க வந்திருந்தாள். டெய்லரக்கா அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"மாமி, ஒண்ணு சொல்றேன். இந்தப் பட்டு ரொம்ப மெலிசு. தண்ணி படக்கூடாது. நர்ஸக்கா, நீங்களும் கேட்டுக்கங்க, பின்னாடி என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சரி சரி, நான் என்ன இதப் போட்டுக்கிட்டுத் துணியா தொவைக்கப் போறேன்?" என்று மாமி உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். கதவருகில் திரும்பி, "அல்லா உனக்கு பரக்கத் செய்யட்டும்மா" என்றாள். அது டெய்லரக்காவின் காதில் விழுந்தது. விழாத மாதிரி அடுத்த பேண்ட்டைக் கையில் எடுத்தாள்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் சங்கத்துக் குழுவில் செய்தி வந்தது: பிறை தெரிந்துவிட்டது, நாளைக்குப் பெருநாள். எப்போதும் போல, எங்கே தெரிந்தது, யார் பார்த்தது என்று பத்துப் பேர் அதற்குக் கீழே சண்டை போட்டார்கள். டெய்லரக்கா மகளின் அறை வாசலில் போய் நின்றாள்.

"நாளைக்கு வா."

"எதுக்கு? அதான் சொல்லிட்டேனே."

"ஒரு வேடிக்கை இருக்கு."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "போன வருஷம்தான் நான் வேடிக்கையா நின்னேனே."

"இந்த வருஷம் நாம பாக்குறவங்க. வா."

மகள் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "புதுத் துணி போட மாட்டேன்" என்றாள்.

"போடாத."

கிடங்கில் பாரம் ஏற்றும் வேலை பார்க்கும் அத்தா முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா? அப்படின்னா நிஜமாவே பிறை பொறந்துருச்சு!"

காலையில் மகள் சொன்ன மாதிரியே தினம் கல்லூரிக்குப் போடும் உடுப்பில்தான் வந்தாள். தலையில் முக்காடு, அதற்கு மேல் பழைய பழுப்புச் சால்வை. மூன்று வருஷம் போட்டுப் போட்டு ஓரமெல்லாம் நூல் தொங்கியது. டெய்லரக்கா கதவைப் பூட்டினாள். அவள் தோளில் வழக்கமான கைப்பை. அதன் அடியில் வழக்கமான ஊசி டப்பா. பதினெட்டு வருஷமாக அந்த டப்பா இல்லாமல் அவள் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

கூடத்தில் அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் ஒலித்துக்கொண்டிருந்தது. தலைவரம்மா திராட்சைப் பட்டில் ராணி மாதிரி வந்து இறங்கினாள். கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டாள். புது உடுப்பைக் கோட்டால் மூடுவார்களா? சாவி தலைவரோடு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள் சுற்றி நின்று துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "டெய்லரக்கா தச்சதா? என்னமா தச்சிருக்கு!" மாமி பெருமையாகத் தலையை ஆட்டினாள். டெய்லரக்கா சிரித்தாள். மகள் அவளைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

தொழுகைக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மாமியின் கண் தடுமாற ஆரம்பித்தது. வலது முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "எதுக்கும் ஒரு தடவ கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். பெண்கள் கமுக்கமாகச் சிரித்தார்கள். டெய்லரக்கா மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வா, நாமளும் போவோம்."

கழுவும் இடத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மாமி கையைச் சுருட்டி ஏற்றினாள். குறுகலான துணி முழங்கைக்கு மேல் வளையமாக நின்றது, நினைத்தபடியே. இப்போது கூட, "மாமி, நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டெய்லரக்காவின் வாயில் ஊசி எதுவும் இல்லை. ஆனால் உதடு இரண்டும் ஊசியைக் கவ்வின மாதிரியே இறுகியிருந்தது. மாமி கழுவினாள். முகத்தைத் துடைத்தாள். யோசித்தாள். மறுபடி கழுவினாள்.

"மாமி, அடுத்த பெருநாளுக்குள்ள முடிச்சுருவீங்களா?" என்றாள் வரிசையில் நின்ற நர்ஸக்கா.

"இதோ, ஒரே தடவ" என்று மாமி மூன்றாவது தடவை கையைத் தூக்கினாள். தண்ணீர் முழங்கையிலிருந்து வழிந்து பட்டுக்குள் இறங்கியது. டெய்லரக்கா மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாற்பது கூட ஆகவில்லை. மாமி சுருட்டை இறக்கி விட்டாள். துணி இறங்கியது, தையல் இறங்கவில்லை. வலது கை அடியோடு திறந்து, வாழை இலை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. பதறிப்போய் இடது கையைப் பிடித்தாள். அதுவும் வந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். நர்ஸக்காதான் தொடங்கினாள். "ஒளு செஞ்சா பாவம் கரைஞ்சு போகும்னு சொல்வாங்க. மாமிக்குச் சட்டையே கரைஞ்சிருச்சு!"

சிரிப்பு வெடித்தது. உள்ளே இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு கதவைத் தாண்டிக் கூடம் வரை போனது. மாமி வெடித்துச் சிவந்த கைகளை நெஞ்சோடு கட்டி மறைக்கப் பார்த்தாள். ஒன்றை மறைத்தால் மற்றொன்று தெரிந்தது.

"என்னம்மா இது?" என்றாள் டெய்லரக்காவைப் பார்த்து.

"அன்னைக்கே சொன்னேனே மாமி, தண்ணி படக்கூடாதுன்னு. நர்ஸக்கா, நீங்களும் இருந்தீங்கல்ல?"

"இருந்தேன், இருந்தேன்" என்றாள் நர்ஸக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரிம்மா, ஊசி நூல் வச்சிருப்பியே. ரெண்டு தையல் போட்டு விடு. இப்படி எப்படிம்மா தொழுகையில நிப்பேன்?"

"இன்னைக்குப் பெருநாள் மாமி. எடுத்துட்டு வரல."

ஒரு மாதம் நோன்பு இருந்த வாய் அதைச் சொல்லியது, தடுமாறாமல். பை தோளிலேயே தொங்கியது. ஒரு வருஷம் காத்திருந்ததற்கு இந்த இனிப்பு போதுமா என்று கேட்டால், போதும், தித்தித்தது. மாமியின் கண்ணில் நீர் முட்டுவதை அவள் நிதானமாகப் பார்த்தாள். திரும்பி மகளைப் பார்த்தாள்: பார்த்துக்கொண்டாயா?

மகள் சிரிக்கவில்லை. அவள் மாமியின் கையிலிருந்து தொங்கிய துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்தப் பின்னறையில் எத்தனை கல்யாண உடுப்பு மடிப்பை ஈரத் துணியால் ஒற்றியவள்! கரைந்த நூலின் அந்தப் பிசுபிசுப்பு அவளுக்குத் தெரியாதா? அவள் கண் அம்மாவின் பையில் போய் நின்றது. பிறகு அம்மாவின் முகத்தில்.

உள்ளே வரிசை சரி செய்யச் சொல்லி ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

மகள் தன் பழுப்புச் சால்வையைக் கழற்றினாள். நேராக மாமியிடம் போய், அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு கையும் மணிக்கட்டு வரை மூடும்படி இழுத்து, கழுத்தடியில் ஒரு முடிச்சுப் போட்டாள். மாமி, "அல்லா உன்ன நல்லா வைக்கட்டும், என் தங்கமே..." என்று தொடங்கினாள். மகள் ஓரடி பின்னால் போய், மாமியின் தோளைப் பிடித்து எல்லோர் பக்கமும் திருப்பினாள். சத்தமாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் மூணு வருஷமாப் போட்டுக் கழிச்சது மாமி. உங்களுக்கு நல்லாத்தான் பொருந்துது!"

சிரிப்பு நின்றுவிட்டது. நர்ஸக்கா தரையைப் பார்த்தாள். மாமியின் முகம் எதையோ தேடியது. தேடித் தேடி, ஒரு இடத்தில் வந்து நின்றது. கண் மெல்ல மகளின் முகத்தின் மேல், பிறகு டெய்லரக்கா மேல். இப்போது அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. டெய்லரக்கா ஒரு வருஷமாகக் கேட்டது அந்த ஞாபகத்தைத்தான். கிழிந்த சட்டையால் கொண்டுவர முடியாததை ஒரு பழைய சால்வை கொண்டுவந்தது.

தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றபோது, யார் எங்கே நிற்பது என்று பார்க்க நேரமில்லை. டெய்லரக்காவின் இடப்பக்கம் வந்து நின்றது அந்தப் பழுப்புச் சால்வைதான். அதில் அவள் வீட்டுச் சமையல்கட்டின் வாசம் அடித்தது. பெருநாள் தொழுகையின் கூடுதல் தக்பீருக்குக் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த முழங்கை அவள் முழங்கையில் இடித்தது. எத்தனையாவது தக்பீர் என்று எண்ணிக்கை தப்பியது. நம் தொழுகை கூடுமா என்று அவளுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

முடிந்ததும் வழக்கம் போல எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். மாமி அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. மகளுக்கு முன்னால் வந்து நின்று, சால்வை முடிச்சில் கை வைத்து, "கார் கிட்ட போனதும் அனுப்பிடறேம்மா" என்றாள், மெதுவாக.

"வேணாம் மாமி, வச்சுக்குங்க. வெட்டி எதுக்காச்சும் ஆகும்."

மாமி தலையைக் குனிந்துகொண்டு போனாள். திராட்சைப் பட்டு தரையில் புரள, மேலே நூல் தொங்கும் பழுப்புத் துணி.

பஸ்ஸில் அத்தா முன் இருக்கையில் உட்கார்ந்தார். தாயும் மகளும் பின்னால். மகள் ஜன்னல் பக்கம். சால்வை இல்லாமல் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா தன்னுடையதைக் கழற்றப் போனாள். மகள் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விடவில்லை. ஒரு வருஷமாகத் தானாக வந்து பிடிக்காத கை. ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே பஸ்ஸில் விட்ட கை.

"அம்மா."

"ம்."

"கரையுற நூல் தானே?"

"ம்."

"ஊசி டப்பா பையில தானே இருக்கு?"

டெய்லரக்கா பையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டாள். மகள் அதைத் திறந்து பார்க்கவில்லை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், வாயைத் திறக்காமல்.

"அடுத்த பெருநாளுக்கும் வரேம்மா."

கேட்டது கிடைத்துவிட்டது. மகள் திரும்பி வந்துவிட்டாள். இதற்காகத்தானே எல்லாம்? ஆனால் அந்தச் சால்வையைப் போர்த்திய கைகள் எவ்வளவு நிதானமாக இருந்தன என்பது டெய்லரக்காவின் கண்ணை விட்டுப் போகவில்லை. பத்தொன்பது வயதில் தனக்கு அவ்வளவு நிதானம் இருந்ததா? தனக்கு அது வர வாயில் பதினெட்டு வருஷம் ஊசி தேவைப்பட்டதே.

அத்தா தலையைத் திருப்பினார். "பொம்பளைங்க பக்கம் என்ன ஒரே சிரிப்புச் சத்தம்? தொழுகைக்கு முந்தி எங்களுக்கே கேட்டுச்சு. அப்புறம் திடீர்னு நின்னுருச்சு. என்னம்மா நடந்துச்சு?"

மகள் அம்மாவின் கையை ஒரு தரம் அழுத்தினாள். உதடு இரண்டையும் இறுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ம்" என்றாள்.